குழந்தைக்காக வேலையை விடுவதா? கடிதத்தை அனுப்பும் முன்...

கோவையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 31. நானூறு பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் நான்கு ஆண்டு ஏழு மாதமாகப் பணியாற்றுகிறார். அதற்கு முன் வேறோர் இடத்தில் மூன்று ஆண்டு. அடிப்படைச் சம்பளம் 28,000 ரூபாய். பிடித்தம் போகக் கைக்கு வருவது 50,000. கணவரின் சம்பளம் 64,000. வீட்டுக் கடன் தவணை 31,000. வீடு கணவர் பெயரில் இருக்கிறது, தவணை போவது இவர் கணக்கிலிருந்து.

பெண் குழந்தைக்கு 11 மாதம். மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி ஐந்து மாதமாகிறது. குழந்தையை விடும் காப்பகத்துக்கு மாதம் 9,000 ரூபாய். அலுவலகத்தில் பால் கட்டிக்கொள்ளும்போது கழிப்பறைக்குள் போய்ப் பீய்ச்சி, வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வருகிறார். "குழாயைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்" என்று எழுதியிருக்கிறார்.

சென்ற மாதம் ஆண்டு மதிப்பீட்டில் அவருடைய தரத்தை ஒரு படி குறைத்திருக்கிறார்கள். "ஆண்டில் பாதி நாள் விடுப்பில் இருந்ததால்" என்று மேலாளர் மின்னஞ்சலிலேயே காரணம் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் முதல் மதியம் 2 மணியிலிருந்து இரவு 11 மணி வரை ஷிப்ட். முடியாது என்றால் முடிவைச் சொல்லிவிடுங்கள் என்கிறது மனிதவளத் துறை. "உன் சம்பளம் காப்பகத்துக்கும் பெட்ரோலுக்கும்தானே போகிறது" என்கிறார் மாமியார். "உன் இஷ்டம்" என்கிறார் கணவர். ராஜினாமா கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறார் வாசகி. விடலாமா, கூடாதா என்பதே கேள்வி. கூடவே, விட்டால் மகப்பேறு காலச் சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டுமா, அரசுப் பள்ளி ஆசிரியையான தோழிக்கு ஓராண்டு விடுப்பு கிடைத்ததே தனக்கு ஏன் இல்லை, வேலைக்குப் போகும் தாயிடம் நீதிமன்றம் பிள்ளையைக் கொடுக்காது என்று உறவினர் ஒருவர் சொன்னது உண்மையா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

தொழிலாளர் வழக்குகளும் குடும்ப வழக்குகளும் நடத்துகிறவள் நான். பிள்ளையோடு வீட்டில் இருப்பது மேலா, வேலைக்குப் போவது மேலா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டுமே கௌரவமான வாழ்க்கை. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்ததில் ஒன்று தெரிந்தது. குழந்தையோடு முழுநேரமும் இருக்க ஆசை என்று ஓர் இடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. வேலை பிடிக்கும் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களை வெளியே தள்ளுவது அந்தக் கழிப்பறையும் தரக் குறைப்பும் இரவு ஷிப்டும். இந்த மூன்றையும் சரிசெய்ய வேண்டிய கடமை உங்கள் நிறுவனத்துக்குச் சட்டப்படி இருக்கிறது. அவற்றைக் கேட்டு வாங்கிய பிறகும் "நான் வீட்டில் இருக்கவே விரும்புகிறேன்" என்று உங்களுக்குத் தோன்றினால், தாராளமாக விடுங்கள். எப்படி விடுவது என்றும் கீழே சொல்கிறேன். கேட்காமலே விட்டால், நீங்கள் எடுத்த முடிவு உங்களுடையதா அவர்களுடையதா என்ற கேள்வி பின்னால் உங்களையே உறுத்தும்.

உங்களுக்குச் சொல்லப்படாத உரிமைகள்

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு தருகிறது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஆனால் அந்தச் சட்டம் 26-ஆவது வாரத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதன் விதிகள் இப்போது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இருக்கின்றன. இங்கே நான் சொல்பவற்றின் சாரம் மாறவில்லை.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்டுவதற்கென்று நாளுக்கு இரண்டு இடைவேளை உங்களுக்கு உண்டு. உங்கள் மகளுக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வர அனுமதிக்க வேண்டும். நிறுவனம் தனியாக நடத்தலாம், மற்றவர்களோடு சேர்ந்து பொதுவாகவும் நடத்தலாம். நானூறு பேர் இருக்கும் இடத்தில் காப்பகமே இல்லையென்றால், நீங்கள் கொடுக்கும் 9,000 ரூபாயை நிறுவனம் ஏற்கட்டும் என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். இந்தச் சலுகைகளை வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டியதும் அவர்கள் பொறுப்புதான். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோரும் அதையே சொல்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு தாய் பாலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு இருக்கைக்குத் திரும்புவது அவளுடைய சொந்தப் பிரச்சினை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

அடுத்தது தரக் குறைப்பு. மகப்பேறு விடுப்பில் இருந்த காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதோ, அவருடைய பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதோ கூடாது. இத்தகைய வழக்குகளில் அந்தக் காரணத்தை நிரூபிப்பதுதான் எப்போதும் கடினம், ஏனென்றால் யாரும் அதை எழுத்தில் கொடுப்பதில்லை. உங்கள் மேலாளர் கொடுத்திருக்கிறார். அந்த மின்னஞ்சலை இன்றே அச்செடுத்து வீட்டில் பத்திரமாக வையுங்கள். அலுவலகக் கணக்கு முடங்கிவிட்டால் பிறகு அது உங்கள் கைக்கு வராது.

இரவு ஷிப்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று அனுமதித்த 2019-ஆம் ஆண்டின் அரசாணையே, இரவு 8 மணிக்கு மேல் பெண்களைப் பணியில் வைக்க அவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 11 மணி வரை இருக்கச் சொல்லி உங்களிடம் யாராவது படிவம் நீட்டியிருந்தால், அது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பொறுத்தவரை, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்புக்குப் பிறகு இரு தரப்பும் பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வழிவிடுகிறது. அது கட்டாயம் அல்ல. ஆனாலும் எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

நீங்கள் கேள்விப்பட்டவை

மகப்பேறு காலச் சம்பளத்தை நீங்கள் திருப்பித் தர வேண்டியதில்லை. அது கடனும் அல்ல, முன்பணமும் அல்ல. திரும்பி வந்து இத்தனை மாதம் வேலை செய்தால்தான் அது உங்களுக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், சட்டம் தந்ததை ஒப்பந்தம் பறிக்க முடியாது. ராஜினாமா செய்யும்போது முன்னறிவிப்புக் காலத்தைப் பணியாற்றி முடிக்காவிட்டால் அதற்கான தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். அது வேறு, இது வேறு.

உங்கள் தோழிக்குக் கிடைத்த ஓராண்டு, தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கென்று 2021-இல் ஒன்பது மாதத்திலிருந்து உயர்த்தியது. மத்திய அரசு ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பாகப் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் வரை உண்டு. தனியார் நிறுவனத்துக்கு இவை பொருந்தா. அநியாயம் என்று நீங்கள் நினைத்தால் எனக்கும் அதே எண்ணம்தான், ஆனால் இந்த வாதத்தை மனிதவளத் துறையிடம் வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சம்பளமில்லா விடுப்பாக மூன்று மாதமோ ஆறு மாதமோ கேட்டுப் பாருங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. உங்கள் நிறுவன விதிப் புத்தகத்தில் இருக்கக்கூடும்.

வேலைக்குப் போகிற தாயிடம் நீதிமன்றம் பிள்ளையைக் கொடுக்காது என்பது தவறு. உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் எந்த வயதிலும் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை. 2010-இல் ஒரு வழக்கில், ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்த தாய் தன் மகனை உடன் அழைத்துச் செல்ல உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. உங்கள் வீட்டில் அப்படியொரு பிணக்கே இல்லாதபோது அந்த உறவினர் இதை ஏன் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பயத்தை உங்கள் முடிவுக்குள் கொண்டுவராதீர்கள்.

அத்தையின் கணக்கு

உங்கள் மாமியார் உங்கள் மேல் அக்கறையில்தான் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் கணக்கு தப்பு. காப்பகத்துக்கு 9,000, பெட்ரோலுக்கு நீங்கள் எழுதிய 3,000, இரண்டும் போக உங்கள் சம்பளத்தில் 38,000 நிற்கிறது. வீட்டுத் தவணை அதிலிருந்துதான் போகிறது. நீங்கள் விட்டுவிட்டால் கணவரின் 64,000-இல் தவணை போக மிஞ்சுவது 33,000. மூன்று பேரின் சாப்பாடும் மருந்தும் மின்கட்டணமும் அதில் அடங்குமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நிறுவனம் உங்கள் பெயரில் மாதாமாதம் போடும் பி.எஃப். பங்கு நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காப்பகச் செலவை ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்க வேண்டும்? குழந்தை இரண்டு பேருக்கும் பிறந்தது, காப்பகம் இருப்பதால் இரண்டு பேரும் வேலைக்குப் போக முடிகிறது. இருவர் வருமானமும் சேர்ந்து 1,14,000. அதில் 9,000 என்பது நூற்றுக்கு எட்டு ரூபாய்கூட இல்லை.

விடுவதென்றே முடிவு செய்தால்

அப்படி முடிவு செய்தால் அதை மதிக்கிறேன். ஆனால் இன்னும் ஐந்து மாதம் பொறுங்கள். பணிக்கொடை என்னும் கிராஜுவிட்டிக்கு உங்களைப் போன்ற நிரந்தர ஊழியர்களுக்கு ஐந்து ஆண்டு தொடர் பணி வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்கினால் வரும் தொகை அது. 28,000-க்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 80,700 ரூபாய். மகப்பேறு விடுப்புக் காலமும் தொடர் பணியில் சேரும். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் நிறுவனங்கள் தகராறு செய்யும். அந்தத் தொகைக்காக நீங்கள் வழக்கு நடத்த வேண்டி வரும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அலைச்சல் வேண்டாம். முன்னறிவிப்புக் காலத்தையும் கணக்கில் வைத்து, கடைசி வேலை நாள் ஐந்தாண்டைத் தாண்டி விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டுக் கடனைக் குறைக்கலாம் என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் சம்மதிக்க மாட்டேன். பி.எஃப். கணக்கோடு சேர்ந்து வரும் ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். பழைய நிறுவனத்தையும் சேர்த்து உங்களுக்கு ஏழரை ஆண்டு ஆகிவிட்டது. பழைய கணக்கு, வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.-இல் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால், மூன்று ஆண்டு கழித்து வேறு வேலைக்குப் போனாலும் அந்த ஏழரை ஆண்டு உங்களோடு வரும். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். விடுவதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள விண்ணப்பியுங்கள். ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடக்கப் போகிறது என்றால் கணவர் பெயரில் ஆயுள் காப்பீடு அவசியம். அதை 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். அப்படி எடுத்தால் அந்தத் தொகை உங்களுக்கும் மகளுக்கும் உரியது. கடன்காரர் யாரும் கை வைக்க முடியாது.

இனி வீடு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான், நீங்களோ ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட வழக்கு அது. மனைவியின் வீட்டுழைப்பு இல்லாமல் கணவரால் சம்பாதித்திருக்க முடியாது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். வீட்டில் இருக்கும் பெண் சும்மா இருக்கிறாள் என்ற பேச்சுக்குக் கிடைத்த மிகச் சரியான பதில் அது. படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அதை வைத்துக்கொண்டு "எனக்குப் பாதி தானாக வந்துவிடும்" என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த வழக்கின் சாட்சியங்களைப் பொறுத்து வந்த தீர்ப்பு அது. இல்லத்தரசிக்குச் சொத்தில் பாதி என்று தனிச் சட்டம் எதுவும் இன்னும் இல்லை.

ஒருமுறை ஒரு பெண்மணி மஞ்சள் பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். மேசையில் கவிழ்த்தார். பழைய சம்பளச் சீட்டுகள், நகை அடகு வைத்த ரசீதுகள், சிமெண்டு கடைப் பில்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் "வீட்டுக்கு" என்று பென்சிலால் எழுதித் தேதி போட்டிருந்தார். அந்தப் பென்சில் எழுத்துதான் அவருக்கு அந்த வீட்டில் இடம் வாங்கிக் கொடுத்தது. நீங்கள் தவணை கட்டிய மாதங்களின் வங்கிக் கணக்கு அறிக்கையை வாங்கி ஒரு கோப்பில் போடுங்கள். முடிந்தால் அதைவிட நேரான வழியில் போங்கள்: வங்கியின் சம்மதத்தோடு கணவர் உங்களுக்குப் பாதிப் பாகத்தைச் செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் உச்ச வரம்பு இருப்பதால், வெளியாரிடம் வாங்குவது போன்ற செலவு ஆகாது. இதைக் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகாது. நீங்கள் சம்பளத்தை விடுகிறீர்கள். அவர் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

"உன் இஷ்டம்" என்று சொன்னவரிடம்

உங்கள் கணவரை நல்லவர், எனக்கு உதவி செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "உதவி" என்ற சொல்லைக் கொஞ்சம் யோசியுங்கள். தன் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யாருக்குச் செய்யும் உதவி? 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்களின் கணக்கே இவ்வளவுதான். அந்த இருநூறு நிமிடத்தில் பாதி உங்களுக்குத் திரும்பக் கிடைத்தால், வேலையை விட வேண்டும் என்ற எண்ணம் இதே வேகத்தில் வருமா என்று பாருங்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் நீங்கள்தான் கூட்டத்திலிருந்து எழுந்து ஓடுகிறீர்கள். சேர்க்கைப் படிவத்தில் முதல் எண்ணாக உங்கள் எண் இருப்பதுதான் காரணம். நாளைக் காலை குழந்தையை விடும்போது அதை மாற்றி அவருடைய எண்ணை முதலில் எழுதுங்கள். அவரிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மாலையில் யார் எந்தெந்த நாள் அழைத்து வருவது என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். "உன் இஷ்டம்" என்பது பெருந்தன்மையாகத் தெரிந்தாலும், முடிவின் பாரம் முழுவதையும் உங்கள் தலையில் வைத்துவிடுகிறது. நம் இருவரின் இஷ்டம் என்ன என்று அவரிடம் கேளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். கோபம் வேண்டாம், உறவினரை மேற்கோள் காட்ட வேண்டாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை இரண்டு பாலூட்டும் இடைவேளையும், பால் எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்க ஒரு தனி அறையும் வேண்டும்; காப்பக வசதி என்ன என்று தெரிவிக்க வேண்டும்; இரவு ஷிப்டுக்கு என் ஒப்புதல் இல்லை; மதிப்பீட்டில் காட்டிய காரணத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இவ்வளவுதான். பதினைந்து நாளில் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். அதற்குள் உங்கள் ஒப்புதலின்றி வேலையை விட்டு நிறுத்தினால், அந்த உத்தரவு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்; அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

பதில் எதுவாக இருந்தாலும் அதன் நகலோடு மறுபடி எழுதுங்கள். அனுப்பாமல் வைத்திருக்கும் அந்த ராஜினாமா கடிதத்தை அழிக்க வேண்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். முதல் வரியில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொற்களை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.